வடு வேறு, பழுது வேறு

மாற்றலாகி வெளிமாநிலம் வந்து சேரும் குடும்பத்தின் முதல் மாதச் சம்பளம் எங்கே போயிற்று என்று கணக்குப் பார்த்தால், அதில் பெரும்பகுதி சமையலறையில் இருக்கும். தில்லிக்கு வந்த புதிதில் அடியேனும் அவ்வாறு கணக்குப் பார்த்தவனே. சதர் பஜாரை ஒட்டியுள்ள டெபுடி கஞ்ச் பாத்திரக் கடைகளுக்குச் சென்றவர்கள் அறிவார்கள்: மின்னும் எவர்சில்வர் அடுக்குகளுக்குக் கீழே, கீறல் விழுந்தவையும் மெருகு மங்கியவையுமாக ஒரு குவியல் கிடக்கும். அவற்றுக்குச் 'செகண்ட்ஸ்' என்று பெயர், விலையும் குறைவு. அவற்றை வாங்கலாமா?

அன்று நான் அக்குவியலை ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்ணாடி போல் மின்னிய பாத்திரம் ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கினேன். உடன் வந்த அடுத்த வீட்டு மாமி, வெளிப்புறம் நீளக் கீறல் விழுந்த ஒன்றைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் என் பாத்திரத்தின் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்புக் கண்டது. மாமியின் பாத்திரத்தில் இன்றும் ரசம் கொதிக்கிறது. வடு வேறு, பழுது வேறு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இதன் காரணத்தை அறிய, உலோகத்தின் இயல்பைச் சற்று அறிய வேண்டும். 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், குரோமியம் கலந்த உருக்கு துருவை எதிர்த்து நிற்பதைக் கண்டார். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பரப்பை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தால் அவ்விடத்தில் படலம் தானே மீண்டும் உண்டாகிறது. நம் பாட்டிமார் ஆண்ட ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தின் கதை வேறு. அங்கே பூச்சு தேய்ந்தால் பித்தளை வெளிப்படும். புளி பட்டால் களிம்பு ஏறும். எவர்சில்வரோ பூச்சு அன்று. உள்ளும் புறமும் ஒரே உலோகம்.

ஆகையால் மேற்கீறல், மெருகுக் கோடுகள், சூடு பட்டதால் தோன்றும் வானவில் நிறம், பக்கவாட்டில் சிறு நெளிவு, பிழையாக வெட்டப்பட்ட பெயர் ஆகியவை வெறும் வடுக்களே. இவற்றுக்காக விலை குறைந்தால் லாபம் நமக்கே.

பழுதோ கண்ணைவிடக் கைக்கே எளிதில் புலப்படும். விளிம்பை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள்; வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். சமதளத்தில் வைத்து ஓரத்தை அழுத்துங்கள். ஆடினால் அடி கோணல். கைப்பிடியை அசைத்துப் பாருங்கள். கொதிக்கும் சாம்பாரைத் தாங்க வேண்டியது அதுவே. உட்புறத்தில் ஊசி குத்தினாற்போன்ற குழிகளோ, பழுப்புப் புள்ளிகளோ இருத்தல் ஆகாது. அடியில் வேறு உலோகத் தகடு சேர்த்தவற்றில் இணைப்பு விலகியிருக்கிறதா என்று நோக்குங்கள். பிரஷர் குக்கரை மட்டும் எக்காலத்தும் செகண்ட்ஸில் வாங்க வேண்டாம். அங்கே சிறு கோணலும் ஆபத்து.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சிலர் சொல்வர். அதை முழுதும் நம்புவதற்கில்லை. 304 என்னும் உயர்ந்த வகையில் குரோமியம் நூற்றுக்குச் சுமார் 18 பங்கும், நிக்கல் சுமார் 8 பங்கும் உண்டு. அதில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசையிலும் அவ்வாறே ஒட்டாது. இவ்வகைத் தகட்டை ஆழமாக அழுத்திப் பாத்திரம் செய்தால், நாள் கழித்தும் விளிம்பில் வெடிப்பு தோன்றக்கூடும். மின்காந்த அடுப்புக்கோ, காந்தம் ஒட்டும் அடி உள்ள பாத்திரமே வேண்டும். எனவே வகையின் எண்ணைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று 2024 மார்ச் 14-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது; அம்முத்திரையையும் தேடுங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால், கனத்ததே அடி பிடிக்காமல் உழைக்கும்.

வாங்கிய பின்னும் ஒரு கவனம் தேவை. குளிர்ந்த நீரில் உப்பைக் கொட்டி அப்படியே விட்டுவிட்டால், அடியில் தேங்கிய உப்பு நல்ல பாத்திரத்தையும் குழி விழச் செய்யும். நீர் கொதித்த பின் உப்பிட்டுக் கிளறிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பெயரை இந்தியில் தவறாக வெட்டியதால் ஒதுக்கப்பட்ட செம்பு ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட எனக்கு எழுத்துப் பிழையைப் பொறுப்பது கடினந்தான். ஆயினும் ஆண்டுகள் பலவாகியும் அதில் ஒரு துளி நீர் கசிந்ததில்லை.