வாட்ச்மேனுக்கு அறை உண்டு, பாட்டிக்கு?

"இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பும் நாளில்தான், வீடு எவ்வளவு சிறியது என்பது தெரிகிறது. வேலூர் சி.எம்.சி.யிலிருந்து சித்தூருக்கும், திருப்பதி சுவிம்ஸ், ரூயா மருத்துவமனைகளிலிருந்து சுற்றுவட்டாரத்துக்கும் அப்படித் திரும்புகிறவர்கள் ஏராளம். பக்கவாதம் வந்த பாட்டிக்கு மாடிப்படி ஆகாது. கீழ்த்தளத்தில் வாடகைக் குடித்தனம். பின்பக்கம் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. தகர ஷீட் போட்டு ஓர் அறை எழுப்பலாம், அல்லது லாரியில் வந்து இறங்கும் கன்டெய்னர் அறை வாங்கலாம். ஆறு மாதத்துக்குத்தானே, இதற்குமா பிளான் அப்ரூவல்?

இதற்கும்தான். மாநகராட்சிச் சட்டம் 'கட்டடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் வீடு மட்டுமல்ல, லாயம், கொட்டகை, குடிசை, வேலிகூட அடங்கும். செங்கல், மரம், மண், உலோகம் என எதில் செய்தாலும் அது கட்டடமே. "கான்கிரீட் இல்லை சார், போல்ட்தான் முடுக்கியிருக்கிறோம்" என்ற வாதம் எடுபடாது. சித்தூர், திருப்பதி இரண்டும் மாநகராட்சிகள். 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்தாலும் இரண்டுக்கும் விதிப்புத்தகம் ஒன்றுதான்: 2017-இல் அரசாணை 119 வழியாக வந்த ஆந்திரக் கட்டட விதிகள்.

உண்மையான முட்டுக்கட்டை செட்பேக். மனையின் பரப்பையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து நாலு பக்கமும் விட வேண்டிய காலி இடம் அது. காற்று, வெளிச்சம், தீப்பிடித்தால் ஆள் நுழைய வழி என்று அதற்குக் காரணங்கள் உண்டு. வீண் விதி என்று தள்ள முடியாது. ஆனால் திருப்பதிப் பக்கம் மனையை அங்கணக் கணக்கில் வாங்குகிறோம்; ஓர் அங்கணம் 36 சதுர அடி. நாற்பது அங்கணத்தில் வீடு கட்டியவரிடம் மிஞ்சுவதே செட்பேக்தான். பாட்டிக்கு அறை போட்டால் அது விதிமீறல் இடத்தில்தான் வந்து நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2012-இல் வந்த அரசாணை 168, அடுக்குமாடியின் ஸ்டில்ட் தளத்தில் (வண்டி நிறுத்தும் தூண் தளத்தில்) வாட்ச்மேன் அறையும் இரண்டு கழிப்பறையும் 25 சதுர மீட்டருக்குள் கட்ட இடம் கொடுத்தது. ஏறத்தாழ ஏழரை அங்கணம். அதை நான் குறை சொல்லவில்லை. காவலுக்கு இருப்பவரும் எங்காவது தலைசாய்க்க வேண்டும். நோயாளிக்கு அந்த ஏழரை அங்கணத்தை யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

யோசித்த ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2010-இலும் மின்னசோட்டா 2016-இலும் இதற்கென்றே சட்டம் செய்தன. மின்னசோட்டாவில் 300 சதுர அடிக்கு மிகாத, நகர்த்தக்கூடிய அறை. நிரந்தர அஸ்திவாரம் கூடாது. தண்ணீரும் மின்சாரமும் பெரிய வீட்டிலிருந்து. குடியிருப்பவர் ஒருவர் மட்டும். அவருக்கு உதவி தேவை என்று மருத்துவச் சான்று வேண்டும். அனுமதி ஆறு மாதத்துக்கு, ஒரே ஒரு முறை இன்னொரு ஆறு மாதம் நீட்டிக்கலாம். விண்ணப்பத்துக்கு 15 நாளில் பதில். செட்பேக்கை அங்கும் தளர்த்தவில்லை. விருப்பமில்லாத நகராட்சி தீர்மானம் போட்டு விலகிக்கொள்ளலாம் என்றும் எழுதினார்கள். ஏராளமான நகராட்சிகள் விலகியும் கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுப்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. அவர்களின் மனை வேறு, நம் மனை வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கேள்விகளை: யாருக்காக, எத்தனை மாதம், எப்போது அகற்றுவீர்கள்? நம் விதி கேட்பது எவ்வளவு பரப்பு, எவ்வளவு உயரம் என்பதைத்தான். மருத்துவச் சான்றோடு, கெடு வைத்து, பின்பக்கச் செட்பேக்கில் ஒரு பகுதியை மட்டும் அனுமதிக்கும் ஒற்றைப் பிரிவை மாநில அரசு சேர்த்தால் போதும்.

அதுவரை? முதலில் கீழ்த்தளத்து ஹாலையே தடுத்துப் பாருங்கள். கழிப்பறையில் கைப்பிடி வையுங்கள். வெளியே எழுப்பியே ஆக வேண்டுமென்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் வார்டு சச்சிவாலயத்தில் பிளானிங் செயலரிடம் கேளுங்கள். அறையை மற்ற நோயாளிகளுக்கு வாடகைக்கு விடாதீர்கள். அப்போது அது வியாபாரமாகிவிடும். விதிமீறிய கட்டடத்தை அபராதம் வாங்கி முறைப்படுத்தும் பி.பி.எஸ். வந்து காப்பாற்றும் என்றும் நம்பாதீர்கள். 2015-இலும் 2019-இலும் வந்த அந்த அபராதத் திட்டங்கள், குறிப்பிட்ட தேதிக்கு முன்பு எழும்பிய கட்டடங்களுக்கு மட்டுமே.