பாஸ்ட் பெர்ஃபெக்ட்: ஆங்கிலத்தின் ‘ஹேட்’ வடிவமும் தமிழின் ‘இருந்தேன்’ வடிவமும்

பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்பது, கடந்துபோன ஒரு நேரத்துக்கும் முன்பே முடிந்துவிட்ட செயலைக் குறிக்கும் ஆங்கில வினை வடிவம் ஆகும். ‘ஹேட்’ என்னும் துணைவினையும் முதன்மை வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து இது அமைகிறது: ஹேட் கான், ஹேட் சீன், ஹேட் லெஃப்ட். இதற்கு நேரான தமிழ் வடிவம் ‘போயிருந்தேன்’, ‘பார்த்திருந்தேன்’ என்பது என்று வகுப்புகளில் சொல்லித் தருவது வழக்கம். உண்மையில் இவ்விரு வடிவங்களும் பாதி இடங்களில் மட்டுமே ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடங்களில், தமிழ் பேசுவோர் எழுதும் ஆங்கிலம் அவர்கள் நினைக்காத பொருளைத் தந்துவிடுகிறது.

இலத்தீன் இலக்கணத்தார் தம் மொழியில் இருந்த இத்தகைய வடிவத்தை ‘நிறைவுற்றதற்கும் மேற்பட்டது’ என்னும் பொருள்பட அழைத்தனர். ஆங்கிலத்தின் பழைய இலக்கண நூல்களில் காணப்படும் ‘ப்ளூபெர்ஃபெக்ட்’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததே.

அடிப்படைப் பொருள்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் காலையில் ஜீப்பில் செல்கின்றனர். அந்தக் காலைப்பொழுதைப் பற்றிய இரண்டு வாக்கியங்களைப் பார்க்கலாம்.

1. “வென் த ஜீப் கேம், த வொர்க்கர்ஸ் லெஃப்ட்.” ஜீப் வந்தது, தொழிலாளர்கள் புறப்பட்டார்கள். பெரும்பாலும் அதில் ஏறித்தான் போயிருப்பார்கள்.
2. “வென் த ஜீப் கேம், த வொர்க்கர்ஸ் ஹேட் லெஃப்ட்.” ஜீப் வந்தபோது தொழிலாளர்கள் அங்கே இல்லை, அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

இரண்டிலும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முதல் வாக்கியத்தில் அன்றைய வேலை நடந்தது. இரண்டாவதில் ஜீப் வெறுமனே நின்றது. தாமதம் யாருடையது, அன்றைய கூலி யாருக்கு என்ற வழக்கு வந்தால், ‘ஹேட்’ என்ற ஒரு சொல் விடையை மாற்றிவிடும்.

ஜெர்மானிய மெய்யியலாளர் ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947-இல் வெளியிட்ட தருக்க நூலில் இதை மூன்று புள்ளிகளைக் கொண்டு விளக்கினார். செயல் நடந்த நேரம் ஒன்று, நாம் பேசும் நேரம் ஒன்று, இவற்றுக்கு இடையில் நாம் நின்று பார்க்கும் நேரம் ஒன்று. மேலுள்ள இரண்டாம் வாக்கியத்தில் நாம் நின்று பார்க்கும் நேரம் ஜீப் வந்த நேரம். தொழிலாளர்கள் புறப்பட்டது அதற்கும் முன்பு. இந்த நடுப்புள்ளி இல்லாமல் பாஸ்ட் பெர்ஃபெக்ட் நிற்காது.

அன்றாடப் பேச்சில் பயன்படும் இடங்கள்

ஆங்கிலம் பேசுவோர் இவ்வடிவத்தை எப்போதும் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு இது தேவைப்படும் இடங்கள் சிலவே.

பின்னர் தெரியவந்தது: “ஐ ரியலைஸ்டு ஐ ஹேட் லெஃப்ட் மை அம்பரல்லா இன் த பஸ்.” குடையை பஸ்ஸில் விட்டது முதலில், அது உறைத்தது பிறகு.

ஒரு நேரம்வரை நீடித்த நிலை: போடிநாயக்கனூருக்கு ரயில் 1928-இல் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் முடிவோடு மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதையில் 2022 மே மாதம் தேனிவரையும், 2023 ஜூன் 15 அன்று போடிவரையும் ரயில் ஓடத் தொடங்கியது. இதை ஆங்கிலத்தில் சொல்பவர், “வென் த டிரெயின் கேம் பேக் இன் 2023, போடி ஹேட் பீன் வித்தவுட் ஒன் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்” என்பார். பார்க்கும் நேரம் 2023; பன்னிரண்டு ஆண்டு வெறுமை அதற்கு முன்பு.

முதல் அனுபவம்: “அன்டில் தட் டே ஷி ஹேட் நெவர் சீன் எ கார்டமம் ஃபிளவர்.” அந்த நாள்வரை அவள் ஏலப்பூவைப் பார்த்ததே இல்லை.

பிறர் கூற்று: “ஐ ஹேவ் பெய்டு” என்று ஒருவர் சொன்னதை மற்றவர் பின்னர் எடுத்துச் சொல்லும்போது “ஹி செட் ஹி ஹேட் பெய்டு” என்று மாறுகிறது.

நடக்காத ஒன்று: “இஃப் இட் ஹேட் ரெய்ண்டு இன் ஏப்ரல்...” ஏப்ரலில் மழை பெய்திருந்தால் என்று கோடை மழை தவறிய தோட்டக்காரர் சொல்லும் வாக்கியம் இது. இங்கே முன்பின் வரிசை முக்கியமன்று. மழை பெய்யவில்லை என்பதே செய்தி. தமிழின் ‘பெய்திருந்தால்’ இதனோடு முழுமையாகப் பொருந்துகிறது.

‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ போன்ற சொற்கள் வரிசையைத் தெளிவாகக் காட்டிவிட்டால், ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் ‘ஹேட்’ போடுவதில்லை. “த ரெய்ன் ஸ்டாப்டு பிஃபோர் வி ரீச்டு போடிமெட்டு” என்பதே போதும். நீண்ட கதையைப் பின்னோக்கிச் சொல்லும்போதும் முதல் ஓரிரு வாக்கியங்களில் ‘ஹேட்’ வைத்துக் கேட்பவரைப் பழைய நேரத்துக்கு அழைத்துச் சென்றபின், சாதாரண இறந்தகாலத்துக்குத் திரும்பிவிடுவர்.

பேச்சில் ‘ஹேட்’ முழுதாக ஒலிப்பதும் குறைவு. ‘ஐ ஹேட்’ என்பது ‘ஐட்’ என்றும், ‘ஷி ஹேட்’ என்பது ‘ஷீட்’ என்றும் சுருங்கும். ‘ஐ உட்’ என்பதும் அதே ‘ஐட்’ ஆகச் சுருங்குவதால், அடுத்து வரும் வினையைக் கேட்டே இன்னது என்று அறிய முடியும். மூன்றாம் வடிவம் வந்தால் அது ‘ஹேட்’. முதல் வடிவம் வந்தால் ‘உட்’.

“ஐ ஹேட் ஃபீவர் யெஸ்டர்டே” என்பது பாஸ்ட் பெர்ஃபெக்ட் அன்று. அங்கே ‘ஹேட்’ துணைவினையாக இல்லாமல், ‘இருந்தது’ என்ற பொருளில் தானே முதன்மை வினையாக நிற்கிறது. விடுப்புக் கடிதத்தில் அப்படி எழுதுவது சரியே.

தமிழ் வரிசையைக் காட்டும் முறை

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் காலம் மூன்று என்றே கூறுகிறது. இறந்தகாலத்துக்குள் இன்னோர் இறந்தகாலத்தை அது தனியாக வகுக்கவில்லை. அதனால் தமிழருக்கு முன்பின் சொல்லத் தெரியாது என்று பொருளாகாது. அந்த வேலையைத் தமிழில் வேறு கருவிகள் செய்கின்றன.

முதலாவது வினையெச்சம். ‘காயைப் பறித்து, உலர்த்தி, தரம் பிரித்து, ஏலத்துக்கு அனுப்பினார்’ என்ற வாக்கியத்தில் நடந்த வரிசையிலேயே செயல்கள் நிற்கின்றன. எது முன், எது பின் என்ற கேள்வியே எழாது. ஆங்கிலம் பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு முன்னால் நடந்ததற்குத் திரும்பும் பழக்கம் உடையது. அப்படித் திரும்பும்போது ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளமே ‘ஹேட்’.

இரண்டாவது, ‘அதற்குள்’, ‘முன்பே’, ‘ஏற்கெனவே’ போன்ற சொற்களும் ‘விடு’ என்னும் துணைவினையும். ‘நாங்கள் போவதற்குள் பஸ் போய்விட்டது’ என்பது தமிழில் இயல்பான பேச்சு. இதில் ‘இருந்தது’ இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் “பை த டைம் வி காட் தேர், த பஸ் ஹேட் லெஃப்ட்” என்று ‘ஹேட்’ வந்தே தீரும். ‘போய்விட்டது’ என்பதை மனத்தில் வைத்து எழுதும் மாணவர் ‘த பஸ் லெஃப்ட்’ என்று எழுதி, வேண்டிய இடத்தில் ‘ஹேட்’டை விட்டுவிடுகிறார்.

‘போயிருந்தேன்’ செய்யும் வேறு வேலை

இதற்கு எதிரான பிழையே மிகுதி. ‘போன வாரம் மூணாறு போயிருந்தோம்’ என்று ஒருவர் பேச்சைத் தொடங்கலாம். எதற்கு முன்பு போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போய் வந்தாகிவிட்டது, அங்கு நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்பதே இங்கு ‘இருந்தோம்’ தரும் குறிப்பு. ‘கல்யாணத்துக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள்’ என்பதிலும் முன்பின் இல்லை. அனைவரும் அங்கே இருந்தார்கள் என்பதே பொருள்.

இவற்றை அப்படியே பெயர்த்தால் “லாஸ்ட் வீக் வி ஹேட் கான் டு மூணார்” என்றாகும். இந்திய ஆங்கிலத்தில் இத்தகைய ‘ஹேட்’ பரவலாக உள்ளது. ஆய்வாளர்கள் அதை இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகின்றனர். மலையாளத்திலும் ‘போயிருந்நு’ என்ற வடிவம் இதே வேலையைச் செய்வதால், ஏலமலையின் இரு பக்கத்திலும் இந்த ‘ஹேட்’ ஒன்றுபோலக் காதில் விழும். நம்மவருக்குள் பேசும்போது இதனால் குழப்பம் எதுவும் வருவதில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற இடங்களில் இருப்பவர் கேட்டால், ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று வாக்கியம் முடியக் காத்திருப்பார். அங்கே இயல்பானது “வி வென்ட் டு மூணார் லாஸ்ட் வீக்” என்பதே.

கடிதங்களில் வரும் இழப்பு

எழுத்தில் இந்தக் குழப்பம் பெரிதாகிறது. ஏலக்காய் அனுப்பிய வணிகர் வெளிநாட்டு வாங்குநருக்கு “வி ஹேட் சென்ட் த சாம்பிள் ஆன் மண்டே” என்று எழுதினால், ‘அனுப்பினோம், ஆனால் இப்போது நிலைமை வேறு’ என்று வாங்குநர் படிக்கக்கூடும். பொட்டலம் திரும்பிவிட்டதா, விலை மாறியதா என்ற ஐயம் எழும். “வி சென்ட் த சாம்பிள் ஆன் மண்டே” என்று எழுதியிருந்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. “ஐ ஹேட் அப்ளைடு ஃபார் த போஸ்ட்” என்னும் வேலை விண்ணப்பக் கடிதத்தையும், முன்பு விண்ணப்பித்தவர் இப்போது விலகிக்கொண்டார் என்று எண்ணிப் படிக்க இடமுண்டு.

எளிய சோதனை

‘ஹேட்’ எழுதும்முன் ‘எதற்கு முன்பு?’ என்று கேட்டுப் பார்க்கலாம். அதே வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ விடை கிடைத்தால் ‘ஹேட்’ பொருந்தும். விடை இல்லாமல் ‘நேற்று’, ‘திங்கட்கிழமை’, ‘2023-இல்’ என்ற காலக்குறிப்பு மட்டும் இருந்தால் சாதாரண இறந்தகாலமே சரி. ‘இஃப்’, ‘ஐ விஷ்’ என்று தொடங்கி நடக்காத பழையதைச் சொல்லும் வாக்கியங்கள் இந்தச் சோதனைக்கு அப்பாற்பட்டவை. அங்கே ‘ஹேட்’ எப்போதும் உண்டு.

பயிற்சிக்குத் தமிழ் வாக்கியத்தின் இறுதியைப் பார்ப்பதைவிட, நிகழ்ச்சிகளை நடந்த வரிசையில் ஒரு தாளில் எண்ணிட்டு எழுதுவது நல்லது. இரண்டாம் எண்ணிலிருந்து தொடங்கி முதல் எண்ணுக்குத் திரும்ப வேண்டியிருந்தால் ‘ஹேட்’ தேவை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராகச் சொல்லிப் போனால் தேவையில்லை.