அக்னிவீர் ஆகலாமா? சேரும் முன்பே ஐந்தாவது ஆண்டை யோசியுங்கள்!

“மிலிட்டரியில சேர்ந்துட்டா லைஃப் செட்டில்!”

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் வார்த்தை இது. வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வாங்கிய ஊர் அது. தாத்தா, அப்பா காலத்தில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. சிப்பாயாகச் சேர்ந்து 15 ஆண்டுகள் முடித்தால் ஆயுளுக்கும் பென்ஷன், கேன்டீன் கார்டு, குடும்பத்துக்கு மருத்துவ வசதி.

2022 ஜூன் 14-ம் தேதி மத்திய அரசு அறிவித்த அக்னிபத் திட்டம் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. பிளஸ் டூ முடித்த தம்பி “ஆர்மிக்குப் போறேன்” என்று சொன்னால், வீட்டில் இன்று பேச வேண்டிய விஷயமே வேறு.

என்ன மாறியது?

சிப்பாய் நிலையில் இப்போது பெரும்பாலும் ஆள் எடுப்பது ‘அக்னிவீர்’ ஆகத்தான். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து மொத்தம் நான்கே ஆண்டுகள் பணி. அதன் பிறகு ஒரு பேட்ச்சில் அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர் மட்டுமே நிரந்தரப் பணிக்குத் தேர்வாவார்கள். அவர்களுக்குக் குறைந்தது இன்னும் 15 ஆண்டுகள் பணி உண்டு. மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, ‘முன்னாள் ராணுவத்தினர்’ என்ற அந்தஸ்தும் கிடையாது.

கைக்கு எவ்வளவு வரும்?

முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். இதில் 30 சதவிகிதம் ‘சேவா நிதி’க்குப் பிடிக்கப்படும். கைக்கு வருவது 21,000. நான்காவது ஆண்டில் சம்பளம் 40,000, கைக்கு 28,000. பணியிடத்தைப் பொறுத்து சில படிகள் தனி.

நான்கு ஆண்டுகளில் பிடிக்கப்படும் தொகை சுமார் 5.02 லட்சம். அதே அளவு தொகையை அரசும் போடுகிறது. வட்டியோடு சேர்த்து, வெளியே வரும்போது சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்பது அரசின் கணக்கு. இதற்கு வருமான வரி இல்லை. பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. அதற்கு பிரீமியம் கட்டத் தேவையில்லை.

நண்பன் பி.இ., நீங்கள் அக்னிவீர்

ஒரு ஒப்பீடு போட்டுப் பார்க்கலாம். அதே நான்கு ஆண்டுகளில் கூடப் படித்த நண்பன் பி.இ. முடிக்கிறான். அவன் கையில் டிகிரி இருக்கும், கூடவே கல்விக் கடனும் இருக்கலாம். அக்னிவீர் கையில் 11 லட்சத்துக்கு மேல் பணம், நல்ல ஃபிட்னஸ், கட்டுப்பாடு, வட இந்தியாவில் எங்கும் சமாளிக்கும் அளவுக்கு ஹிந்தி. ஆனால், கல்வித் தகுதி பிளஸ் டூவிலேயே நின்றிருக்கும். 22 முதல் 25 வயதில் வேலைச் சந்தைக்கு வரும்போது இந்த இடைவெளிதான் இடிக்கும்.

இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. அக்னிவீரர்களுக்காகவே இக்னோ பல்கலைக்கழகம் மூலம் மூன்றாண்டு பட்டப்படிப்பு அறிவிக்கப்பட்டது. அதில் பாதி கிரெடிட், படையில் பெறும் பயிற்சிக்கே தரப்படும். சேர நினைப்பவர்கள் முதல் ஆண்டிலேயே இதை விசாரித்துக்கொள்வது நல்லது. ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டால் நான்கு ஆண்டுகள் ஓடிவிடும்.

மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவிகித ஒதுக்கீடும் வயது வரம்பில் சலுகையும் 2022-லேயே அறிவிக்கப்பட்டன. ஆனால், ஒதுக்கீடு என்பது வேலைக்கான உத்தரவாதம் இல்லை. அதற்கும் விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும்.

சேர்ந்த பிறகு மனசு மாறினால்?

பலரும் கேட்காமல் விடும் கேள்வி இது. ஐ.டி. கம்பெனி மாதிரி ‘நோட்டீஸ் பீரியட்’ போட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. மிக அரிதான சூழல் தவிர, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு சொந்த விருப்பத்தில் விலக அனுமதி இல்லை. அந்தக் காலத்தில் திருமணமும் செய்துகொள்ள முடியாது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. போஸ்டிங் எங்கே என்பது உங்கள் கையில் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு லீவு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

உயிருக்கும் உடலுக்கும் உள்ள ஆபத்தை வீட்டில் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பணியின்போது உயிரிழந்தால் காப்பீட்டுத் தொகையோடு 44 லட்சம் ரூபாய் கருணைத் தொகையும், மீதமுள்ள பணிக்காலத்துக்கான சம்பளமும் குடும்பத்துக்குத் தரப்படும். ஆனால், வழக்கமான வீரரின் குடும்பத்துக்குக் கிடைப்பது போன்ற குடும்ப ஓய்வூதியம் இல்லை.

டிகிரி முடித்தவர்களுக்கு?

டிகிரி இருந்தால் அதிகாரியாகச் சேரும் வழியும் திறந்திருக்கிறது. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை சி.டி.எஸ். தேர்வு நடத்துகிறது. அதில் வென்று, எஸ்.எஸ்.பி. நேர்காணலைத் தாண்டினால், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி. லெப்டினன்ட் ஆகும்போது அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். பெண்களும் சேரலாம்.

இங்கும் கணக்கு முக்கியம். குறுகிய காலப் பணி 10 ஆண்டுகள், விரும்பினால் மேலும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால், முப்பதுகளின் நடுவில் பென்ஷன் இல்லாமல் புது கரியரைத் தொடங்க வேண்டியிருக்கும்.

முடிவெடுக்கும் முன்...

2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சியில் சேர்ந்த முதல் பேட்ச்சுக்கு 2026 இறுதி முதல் நான்கு ஆண்டுகள் நிறைவடைகின்றன. வெளியே வருபவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்துக்கான நிஜப் பரீட்சை. ஊரில் அப்படி யாராவது இருந்தால், கோச்சிங் சென்டர் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அந்த 25 சதவிகிதத்தில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வேலை என்ன? சேவா நிதி பணம் யாருக்கு, எதற்கு? கடனை அடைக்கவா, படிக்கவா, தொழில் தொடங்கவா? நான்கு ஆண்டுகள் வீட்டுப் பொறுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மூன்றுக்கும் பதில் இருந்தால், ‘ஜாயின் இந்தியன் ஆர்மி’ இணையதளத்தில் அறிவிக்கையைப் படித்து நேரடியாக விண்ணப்பிக்கலாம். முதலில் ஆன்லைன் தேர்வு, அதன் பிறகே ஓட்டமும் உடல்தகுதித் தேர்வும் என்பதால், அதிகாலையில் கிரவுண்டில் ஓடினால் மட்டும் போதாது, புத்தகத்தையும் கையில் எடுக்க வேண்டும். “காசு கொடுத்தா சீட் வாங்கித் தர்றேன்” என்று யாராவது வந்தால் அவரை நம்பாதீர்கள்.