சாயங்காலம் கேட்கும் அந்த 'டிக்'

பொழுது சாயும் நேரத்தில் வாசல் கேமராவுக்கு அடியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறீர்களா? 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பல்லி இல்லை! பகலெல்லாம் லென்ஸுக்குப் பின்னால் நின்று அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்துக்கொண்டிருந்த குட்டி வடிகட்டி ஒன்று நகர்ந்து வழிவிடும் சத்தம் அது. அந்த நொடியிலிருந்து படம் கறுப்பு வெள்ளை. லென்ஸைச் சுற்றியுள்ள எல்.இ.டி.கள் அகச்சிவப்பு ஒளியை அள்ளி வீசத் தொடங்கிவிடும். நம் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் பொட்டுகளாகத் தெரிந்தால் உண்டு. செல்போனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள், பல போன்களில் ஊதா ஜோதி! (டி.வி. ரிமோட்டையும் இப்படிப் பார்க்கலாம். குழந்தைகளிடம் காட்டினால் ரிமோட் திரும்பி வராது, ஜாக்கிரதை.)

அந்த எல்.இ.டி.கள் எரிந்ததும் கேமராவின் பசி இரண்டு மூன்று மடங்காகிவிடும் என்பது தெரியுமா? "பகல்ல நல்லாத்தான் சார் இருக்கு, ராத்திரி ஏழு மணிக்கு மேல படம் போயிடுது" என்ற புகாரைக் கேட்காத கேமரா மெக்கானிக் இருக்க மாட்டார். பேயுமில்லை, பில்லி சூனியமுமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான்! பவர் சப்ளை பெட்டியிலிருந்து 12 வோல்ட் கிளம்புகிறது. கேட் வரைக்கும் 40 மீட்டர் ஒயர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, ஆக 80 மீட்டர். 0.3 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியென்றால் அந்த நீளத்துக்குத் தடை நாலரை ஓம் சொச்சம். பகலில் 0.15 ஆம்பியர் ஓடும்போது முக்கால் வோல்ட்டுக்குள்தான் இழப்பு; கேமரா கண்டுகொள்ளாது. இரவில் அரை ஆம்பியர் ஓடினால் இரண்டேகால் வோல்ட் வழியிலேயே ஆவி! கேமராவுக்குக் கிடைப்பது பத்துக்கும் குறைவு. கிறுகிறுத்து அணையும்; அணைந்ததும் சுமை குறையும், மறுபடி எழும், மறுபடி விழும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தலையில் கட்டியிருந்தால் இன்னும் மோசம். பாவம், திருப்பி அனுப்பப்படுவது மட்டும் கேமராதான்.

இதற்கு ஒரு அழகான மாற்று: நெட்வொர்க் கேபிளிலேயே படமும் மின்சாரமும் சேர்ந்து பயணிக்கும் 'பி.ஓ.இ.' முறை. 2003-இல் வந்த தரநிலை. 48 வோல்ட் வாக்கில் ஓடுகிறது. மின்னழுத்தம் நான்கு மடங்கானால் அதே வேலைக்குக் கால்வாசி ஆம்பியர் போதும். கம்பியில் வீணாவதோ பதினாறில் ஒரு பங்கு! அதைவிட என்னை வாய்பிளக்க வைத்தது அதன் நாகரிகம். தெரியாத கருவியைச் செருகினால் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டை ஊட்டிவிடாது. முதலில் சொற்ப வோல்ட் கொடுத்துத் தொட்டுப் பார்க்கும். எதிர்முனையில் ஏறத்தாழ 25,000 ஓம் தடை தென்பட்டால்தான் "நம்ம ஆள்" என்று முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். லேப்டாப்பைத் தவறிச் செருகினாலும் பிழைத்துக்கொள்ளும்.

மின்னல் கேமராவைக் கொல்ல உங்கள் வீட்டில் விழவே வேண்டாம், தெரியுமா? போன ஐப்பசியில் இடி இடித்தது அடுத்த தெருவில், போனது கேமராப் படங்களைப் பதிந்துவைக்கும் எங்கள் வீட்டு டி.வி.ஆர். பெட்டி! கேட்டுக்கு ஓடும் நீள ஒயர் ஆன்டெனா மாதிரி அந்த அதிர்ச்சியை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. மெயின் போர்டிலிருக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்து காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். மைக்ரோவினாடிகளில் வேலையை முடித்துவிடும் பாய்ச்சலுக்கு முன்னால் அது ஆமை. கேபிளில் சர்ஜ் புரொடெக்டர் போடலாம், ஆனால் எர்த் சரியில்லாமல் அதை மாட்டுவது வாய்க்கால் வெட்டாமல் மதகு கட்டுகிற கதை. தூரத்துக் கேட்டுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்தால் அந்த வழியில் மின்னலுக்கு வேலையே இல்லை. கண்ணாடியில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது.

வீட்டுக் கேமராவுக்கு வித்திட்டவர் ஒரு நர்ஸ்! நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். கதவில் நான்கு துளைகள், மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையிலிருந்தபடியே கதவைத் திறக்கும் வசதி, அபாயப் பொத்தான். இன்றைய திருடர்களோ போகும்போது டி.வி.ஆரையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைக்காமல் பரணிலோ பூட்டிய அலமாரியிலோ, கொஞ்சம் காற்றோட்டத்தோடு வையுங்கள். பெட்டியை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டு ரவுட்டரை மறந்தால், கரண்ட் போனதும் கேமரா விழித்திருக்கும், உங்கள் போன்தான் குருடாகிவிடும்.

இதையும் கேளுங்கள்! 2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு முடங்கியது எதனால்? உலகெங்கும் வீடுகளில் தொங்கிய கேமராக்களும் டி.வி.ஆர்.களும் சேர்ந்து தாக்கியதால்! 'மிராய்' என்ற நிரல், தொழிற்சாலையில் போட்டபடியே விட்ட பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை மாற்றி மாற்றி முயன்றே அத்தனை பெட்டிகளுக்குள்ளும் புகுந்தது. அது தங்கியதோ தற்காலிக நினைவகத்தில் மட்டும். பிளக்கைப் பிடுங்கினால் ஆள் காலி! நம் ஊர் மின்வெட்டு ஒருவிதத்தில் வைத்தியம்தான். ஆனால் பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால், கரண்ட் வந்த சில நிமிடங்களில் அதுவும் வந்துவிடும்.