உழைப்பவரே உடைமையாளர்

திருமுதுகுன்றம் எனப் பண்டு வழங்கிய விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றுத் திகழ்கின்றது. இங்குள்ள சூளைகளில் வெந்த பொம்மைகள் ஊர்கடந்து செல்கின்றன. ஆயின், தொழிற்கூடமொன்றை உரிமையாளர் மூடிவிடின் அங்கு உழைப்போர் நிலை யாது? இவ்வினாவிற்குக் கேரளத்துக் கண்ணூர் முன்னரே விடை கண்டுள்ளது.

1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தபோது, அதனை ஏற்க மனமில்லா முதலாளிகள் தம் கூடங்களை மூடினர். ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தனர். 1969இல் அரசின் துணையோடு 'தினேஷ் பீடி' தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. ஒரு பங்கின் விலை 20 ரூபாய். தொழிலாளி ஒரு ரூபாய் செலுத்தினார். எஞ்சிய 19 ரூபாயை அரசு கடனாக வழங்கிற்று. உறுப்பினர்க்குத் தலைக்கு ஒரு வாக்கு.

பின்னாளில் பீடி விற்பனை குன்றித் தொழிலாளர் தொகையும் குறைந்தது. எனினும் சங்கம் ஊரைவிட்டு அகலவில்லை. தேங்காய்ப்பால், குடை எனப் புதுத்தொழில்களில் இறங்கிற்று. உடைமையாளர் அவ்வூரினரே ஆதலின், ஈட்டும் பொருளும் அவ்வூர்க் கடைத்தெருவிலேயே புழங்குகின்றது.

நம் சூளைகளுக்கும் இந்நெறி பொருந்தும் என்பது எம் துணிபு. 19 ரூபாயை அரசிடம் கேட்கலாம். முதல் ரூபாயை உழைப்பவரே இடுதல் வேண்டும். அந்த ஒரு ரூபாயே கூலியாளை உரிமையாளன் ஆக்குகின்றது.