வீட்டுத் தொலைக்காட்சியே இரண்டாவது திரை

14 அங்குல மடிக்கணினியில் ஒரு பக்கம் ஆய்வுக் கட்டுரை, மறுபக்கம் இடுபணி என்று திறந்து வைத்தால் எழுத்துகள் எறும்பளவு ஆகிவிடுகின்றன. தனித்திரை வாங்கப் பணமில்லை. அதனால் வீட்டுத் தொலைக்காட்சியை நாடினேன்.

என் கணினியில் எச்டிஎம்ஐ துளை கிடையாது. டைப்-சி துளைகள் இரண்டுதான். 40 ரிங்கிட்டுக்கு ஒரு மாற்றி வாங்கிச் செருகினேன். படம் வரவில்லை. மாற்றிதான் பழுது என்று கடைக்குப் புறப்பட்டுவிட்டேன். தற்செயலாக அடுத்த துளையில் செருகியதும் படம் வந்தது!

எல்லா டைப்-சி துளைகளும் படத்தைக் கடத்துவதில்லை. சில, மின்னேற்றவும் கோப்புகளை மாற்றவும் மட்டுமே. சில கணினிகளில் ஒரு துளைக்குக்கூட அந்த வசதி இருக்காது. எனவே மாற்றி வாங்குமுன் கணினியின் விவரக்குறிப்பில் 'டிஸ்பிளேபோர்ட்' வசதி உண்டா என்று பாருங்கள்.

இணைத்தபின் விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். 'டூப்ளிகேட்' என்றால் இரு திரையிலும் ஒரே காட்சிதான். ஓரங்கள் வெட்டுப்பட்டால் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பை மாற்ற வேண்டும். சுட்டி தாமதமாக நகர்கிறதா? 'கேம்' முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரவு ஏழரைக்குப் பாட்டியின் தொடர் தொடங்கும். அதற்குள் நான் கம்பியைக் கழற்றியாக வேண்டும்.