பொன்னரா? சங்கரா?

கோவையிலிருந்து காங்கயம் வரை எந்தக் கிராமத்துத் திண்ணையிலாவது உட்கார்ந்து, "உங்களுக்குப் பிடித்தவர் பொன்னரா, சங்கரா?" என்று கேட்டுப் பாருங்கள், வாசகர்களே! உடனே திண்ணை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

அண்ணன்மார் கதை கொங்கு நாட்டின் சொந்தக் கதை. உடுக்கை முழங்க, இரவு இரவாகப் பாடி வருவார்கள். 1965-ல் காங்கயம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிரெண்டா பெக் என்ற அம்மையார் இதைக் கேட்டுப் பதிவு செய்தார். கலைஞர் கருணாநிதி இதை நாவலாக எழுதினார்; 2011-ல் திரைப்படமாகவும் வந்தது.

பொன்னர் மூத்தவர், சாந்தமானவர், பொறுமைசாலி. சங்கரோ நெருப்பு! வாளை உருவிய பிறகுதான் யோசிப்பார். இளவட்டங்களின் வோட்டு சங்கருக்கே. குடும்பப் பாரம் சுமந்த பெரியவர்களின் வோட்டு பொன்னருக்கு. அதில் ஆச்சரியம் என்ன?

கொம்பன் என்ற காட்டுப் பன்றியை மறக்க முடியுமா? வயலையும் வரப்பையும் துவம்சம் செய்த அந்த ராட்சசப் பன்றியை வீழ்த்த வழி செய்தது யார் தெரியுமா? பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு நாய்! வீரர்கள் அலட்சியமாக ஒதுக்கிய நாய்க்குட்டிதான் வெற்றிக்கு வழி காட்டியது. குழந்தைகளைக் கேட்டால், கதாநாயகன் அதுதான் என்பார்கள். கூடவே நிற்கும் சாம்புகனின் விசுவாசத்தையும் சொல்லாமல் விடக் கூடாது.

ஆனால் தாய்மார்களின் மனம் தங்காளிடம்தான். கிளி வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். காட்டிலிருந்து கிளியைப் பிடித்து வந்ததால் வேட்டுவரோடு பகை மூண்டது. அங்கேயும் ஒரு தங்கை அழுதாள் என்பதைக் கதை மறைப்பதில்லை. எதிரிக்கும் கண்ணீர் உண்டு என்று சொல்கிற கதை, சாதாரணக் கதையா?

1974-ல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு வந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாக மாறி, இருண்ட குகைகளில் பூதங்களோடு போரிடுவார்கள். பகடை நன்றாக விழுந்தால் வீரன் பிழைப்பான். நம் கதையில் பகடையே கிடையாது. சகோதரர்களின் ஆயுள் 16 வருஷம் என்று முன்பே விதித்தாகிவிட்டது. கேட்பவர் அத்தனை பேருக்கும் அது தெரியும். தெரிந்தும், "இன்றைக்காவது பிழைக்க மாட்டார்களா?" என்று நெஞ்சு அடித்துக் கொள்கிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

வேஷம் பூணுவதும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. திருச்சி மாவட்டம் மணப்பாறைப் பக்கம் இருக்கும் வீரப்பூரில் மாசித் திருவிழா பிரசித்தம். கொங்குக் கிராமங்களில் நடக்கும் படுகளச் சடங்கில், இளைஞர்கள் அருள் வந்து வீரர்களாகவே களத்தில் சாய்வார்கள். தங்காளாக நிற்பவள் தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புவாள். கதையிலும் மாண்ட அண்ணன்மாரைத் தங்காள் எழுப்புகிறாள். ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். படுகளத்தில் சாய்ந்த பிள்ளைகளோ கண் விழித்து எழுந்து, தங்கள் வீட்டுக்குத் திரும்பி நடப்பார்கள்.

கதையில் கிடைக்காத வரத்தை, கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொண்டார்கள். பொன்னரா, சங்கரா என்ற வழக்கு தீராவிட்டால்தான் என்ன? தீரவே வேண்டாம்!